லோகநாதன் வீட்டு ஹீட்டர்

என் மனைவி தாட்சாயிணி ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகினாள். வெயில் இல்லை. வீட்டில் கரியும் இல்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்றாலும் பஸ்கள் இன்னும் கரி வாயுவில்தான் ஓடிக்கொண்டிருந்தன. கடைக்கு வந்த கரியெல்லாம் பஸ்ஸுக்குப் போயிற்று. ஆனால் திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் கரண்ட் இருந்தது. ஆவடி ராணுவக் கிடங்குக்காக இழுத்த கம்பியிலிருந்து அக்கம்பக்கத்துத் தெருக்கள் சிலவற்றுக்கும் கொடுத்திருந்தார்கள். கரண்ட் இருந்ததால் ஹீட்டரும் இருந்தது.

நான்கு கால் வைத்த தகரப் பெட்டி. அதன் மேல் வளைந்து வளைந்து பள்ளம் வெட்டிய மண் தட்டு. பள்ளத்தில் சுருள் கம்பி. பிளக்கைச் சொருகினால் கம்பி சிவக்கும். காப்பி போடலாம், சோறு வடிக்கலாம். தாட்சாயிணி அதன்மேல் ஓர் அகலை வைத்துச் சாம்பிராணி போட்டாள். கூடையைக் கவிழ்த்தாள். பாயில் படுத்து முடியைக் கூடையின்மேல் விரித்தாள். கரி நெருப்பில் எல்லாப் பெண்களும் செய்வதுதான்.

தீப்பிடித்தபோது நான் கிடங்கு ஆபீசில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள்தான் ஓடி வந்து கோணியைப் போட்டு அமுக்கினாள். ஆஸ்பத்திரியில் தாட்சாயிணி என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டாள். முடி போய்விட்டதா என்று. இல்லை என்றேன். அவளால் கையைத் தூக்கித் தொட்டுப் பார்க்க முடியவில்லை.

ஹீட்டரைச் செய்து விற்றவன் லோகநாதன். அம்பத்தூர்க் கடைத்தெருவில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தான். ராணுவம் ஏலம் விட்ட கம்பியையும் தகரத்தையும் வாங்கி, கடையின் பின்கட்டில் ஹீட்டர் செய்தான். எங்கள் வீட்டுக்கு வந்து பிளக் மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான். வாய் ஓயாமல் பேசுவான், சிரிப்பான். அன்று தாட்சாயிணியிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மழ நாள்ல கரிக்கு எங்கம்மா போவே? இத்தக் கூடைக்கு அடியில வெச்சிக்கோ. எங்க ஊட்ல சொர்ணம் இதுலதான் முடி காயவெக்குது."

காரியம் முடிந்த பிறகு துக்கம் விசாரிக்க வந்தான். கையில் மாலை கொண்டுவந்தான். விதி என்றான். சாம்பிராணி என்பது பிசின், சூடு பட்டால் பிடித்துக்கொள்ளும், தங்கச்சிக்குத் தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டான். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தான்.

புகார் செய்தேன். மின்சார இலாகாவிலிருந்து வந்து பார்த்தார்கள். எங்கள் ஹீட்டரில் கருகிய தகரமும் உடைந்த மண் தட்டும்தான் மிச்சம். தீ தகரத்துக்கு அடியிலிருந்து வந்தது, மேலே இருந்த அகலில் இருந்து வரவில்லை என்று பொன்னம்மாள் சொன்னாள். அவளை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். இரண்டு தடவையும் அதையே சொன்னாள். பிறகு, உபயோகித்தவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கவனக்குறைவு. வெந்நீர் வைத்தால் விரலை விட்டுப் பார்த்துவிட்டு எனக்குக் கொடுக்கிறவள். வாசல் தாழ்ப்பாளை நான் போட்டாலும் எழுந்துபோய் இன்னொரு தரம் பார்க்கிறவள்.

மார்கழிக்குள் லோகநாதன் ஹீட்டர்கள் இன்னும் சில வீடுகளில் எரிந்தன. வெள்ளானூரில் ஒரு கூரை போயிற்று. பூந்தமல்லியில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் மாடி எரிந்து, துணி மூட்டைகள் சாம்பலாயின. அந்தக் கடைக்காரருக்குப் பட்டணத்தில் ஆள் இருந்தது. தாட்சாயிணிக்கு அசையாத சர்க்கார் துணி மூட்டைக்கு அசைந்தது. அந்த ஹீட்டர்களை விற்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நிறைவேற்றும் பொறுப்பு மின்சார இலாகாவில் ஜானகிராமன் என்ற உதவி இன்ஸ்பெக்டருக்கு. நடுவயதுக்காரர், சட்டப்படி நடக்கிறவர், ஆள் பலம் இல்லாதவர். எந்தெந்தத் தெருவில் கரண்ட் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கூட வருகிறேன் என்றேன். வாருங்கள் என்றார்.

திருமுல்லைவாயிலில் தொடங்கினோம். தலையாரி வேம்புலி முன்னால் தமுக்கு அடித்துக்கொண்டு போவான். பின்னால் நாங்கள் கோணிப்பையோடு போவோம். சர்க்கார் வாசகம் அவன் வாயில் நிற்கவில்லை. தன் பாஷையிலேயே சொன்னான். லோகநாதன் கடை ஹீட்டர் வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் தானாகக் கொடுத்துவிட்டால் கௌரவம், கொடுக்காவிட்டால் போலீஸ் கச்சேரி என்றான்.

கௌரவமாக யாரும் கொடுக்கவில்லை. ஒளித்தார்கள். அரிசிப் பானைக்குள் ஒன்று இருந்தது. இன்னொன்றைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துப் பூப் போட்டிருந்தார்கள்.

"இத்தயும் தூக்கிகினு போய்ட்டா காப்பி இன்னா உன் தமுக்கு மேலயா வெக்கறது?" என்று ஒருத்தி வேம்புலியைக் கேட்டாள்.

"வெய்யேன். தோலு நல்லா காயும்" என்றான் அவன்.

லோகநாதனை யாரும் திட்டவில்லை. கரி கிடைக்காத காலத்தில் சோறு வடிக்க வழி பண்ணிக் கொடுத்தவன் என்றார்கள். கோயில் தெருவில் ஒருத்தி, நான் யார் என்று தெரியாமல், எங்கேயோ ஒரு பொண்ணு ஜாக்கிரதையில்லாமல் முடியைக் கொளுத்திக்கொண்டதற்கு ஊரெல்லாம் ஹீட்டரைப் பிடுங்குகிறார்களே என்று ஜானகிராமனிடம் அங்கலாய்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவள் வீட்டு ஹீட்டரைக் கோணியில் போட்டேன்.

அன்று மாலை ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். மண் தட்டுக்குக் கீழே, தகரத்துக்கு மேலே, ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்க வேண்டும். எவ்வளவு சூடானாலும் தீப்பிடிக்காத தகடு. இருந்ததோ அழுத்திய காகித அட்டை. மேலே சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கியிருந்தது. நடுவில் பழுப்பாகக் கருகியிருந்தது. அடுத்ததிலும் அட்டை. கழற்றிய எல்லாவற்றிலும் அட்டை. கொஞ்ச நேரம் பால் காய்ச்சினால் ஒன்றும் ஆகாது. சேர்ந்தாற்போல அரை மணி எரியவிட்டால் அட்டை உள்ளுக்குள்ளேயே கனிந்து, அடியில் தீ பிடிக்கும். பொன்னம்மாள் சொன்னது சரி.

லோகநாதனை இலாகா ஆபீசுக்கு வரவழைத்துக் காட்டினோம். அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் விட்டான். ஏலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், மேலே வெள்ளையாக இருந்தது, நம்பி வாங்கினேன், என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்றான். சாம்பிராணிக்கு வைத்துக்கொள் என்று யாரிடமும் தான் சொல்லவில்லை என்றான். சொன்னாய் என்றேன். "துக்கத்துல பேசறீங்க சார்" என்றான், மெதுவாக, எனக்காக வருந்துகிறவன்போல.

அவன் போன பிறகு ஜானகிராமன் எனக்கு விளக்கினார். தெரியாமல் செய்தான் என்றால் அபராதம் போடுவார்கள், கட்டிவிட்டு வேறு கடை திறப்பான். தெரிந்தே செய்தான் என்று காட்டினால் ஜெயில். கவனக்குறைவு என்ற வரியையும் அப்போதுதான் அடிக்க முடியும். "அட்டை என்று அவனுக்குத் தெரியும் என்பதற்கு என்ன இருக்கிறது நம்மிடம்?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை. ராத்திரிகளில் அவன் கடையைக் கொளுத்துவதைப் பற்றி யோசித்தேன். மண்ணெண்ணெய் ரேஷனில் இருந்தது. அது ஒன்றுதான் தடை.

கடைசியாக அம்பத்தூர். அன்றும் வெள்ளிக்கிழமை. பனி விலகாத காலை. கடைச் சரக்கு முழுவதையும் லோகநாதன் தானே எடுத்து வெளியே அடுக்கியிருந்தான். சேவகன் ஒருவனை எண்ணிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, மத்தியான ரயிலுக்குப் போகலாம் என்றார் ஜானகிராமன்.

"அவன் வீடு பாக்கி" என்றேன்.

"கடையையே ஒப்படைத்துவிட்டான். வீட்டில் என்ன இருக்கப்போகிறது?"

"அவன் வீடும் வீடுதானே. உத்தரவில் விலக்கு இருக்கிறதா?"

விலக்கு இல்லை. இல்லாததை அவரால் தாண்ட முடியாது. வேம்புலியையும் அழைத்துக்கொண்டு போனோம். சொர்ணம் இதில்தான் முடி காயவைக்கிறாள் என்று அவன் சொன்னது வியாபாரப் பொய் என்றுதான் நினைத்திருந்தேன். தன் மனைவியின் பெயரைச் சொல்லி என் மனைவியிடம் பொய் சொன்னான் என்பதை அவள் வாயால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

தெருவிலேயே சாம்பிராணி வாசனை வந்தது. என் கால் நின்றது. வேம்புலி பின்னாலிருந்து இடித்துக்கொண்டான்.

கதவைத் திறந்தவள் சொர்ணம். முப்பது வயதிருக்கும். ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள். ஜானகிராமன் விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்காரர் கடையில் இருக்கிறார், வரட்டும், அதுவரை உட்காருங்கள் என்று கூடத்தில் பாய் போட்டாள். உள்ளே போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து உள்ளறையின் தரை தெரிந்தது. கவிழ்த்த கூடை. அதன் இடுக்குகளில் சிவப்பு. பிளக்கிலிருந்து வரும் ஒயர். அவள் சுவரில் தோளைச் சாய்த்து எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துண்டை அவிழ்த்து முடியைக் கூடையின்மேல் எடுத்துப் போட்டாள். நீளமான முடி.

ஜானகிராமன் மரியாதைக்காக வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் ஒயரை அவரும் பார்த்துவிட்டார். அணைக்கச் சொல்லலாம், ஆபத்து என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

"ஆம்பிளை இல்லாத வீட்டில் பொம்பிளை இருக்கிற அறைக்குள் போய் எடுத்தால் நாளைக்குக் கேஸ் நிற்காது" என்றேன். "அவன் வரட்டும். அவன் கையால் எடுத்துக் கொடுக்கட்டும்."

அது சட்டம்போல இருந்தது. தயங்கினார். பிறகு வாசலைப் பார்த்தபடியே குரல் கொடுத்தார். அம்மா, அதை அணைத்துவிடுங்கள், தீப்பிடிக்கும் என்றார்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"எங்க ஊட்டுது அப்டி ஆவாது சார். இது அவரு எனக்குன்னு தனியா பண்ணது. வாராவாரம் இதுலதான் காயவெக்கறேன்."

தனியா பண்ணது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரமாக எரிகிறது என்று கேட்டேன். எங்கள் தமுக்குச் சத்தம் கடைத்தெருவில் கேட்டதற்கு முன்னாலேயே போட்டாளாம். அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. எனக்குள் கணக்கு தெளிவாக ஓடியது. புருஷன் பெருமைக்குச் சொன்ன வார்த்தையாக இருந்தால், உள்ளே அட்டை இருந்தால், இன்னும் சற்று நேரத்தில் அடியில் பிடிக்கும். லோகநாதன் வீட்டிலும் அது நடக்கும். உள்ளே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எரியாது. எரியாவிட்டால் லோகநாதன் மாட்டினான். எனக்கு இரண்டும் சம்மதம்.

கூடையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தகரத்தின் கால்களுக்கு நடுவே இருட்டாக இருந்தது. இருட்டாகவே இருந்தது. ஒரு தடவை சொர்ணம் திரும்பி, கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை நான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

லோகநாதன் ஓடிவந்தான். சேவகன் சொல்லியிருக்க வேண்டும். வாசற்படியில் மூச்சு வாங்க நின்று என்னைப் பார்த்தான். ஜானகிராமனைப் பார்த்தான். பிறகு ஒருக்களித்த கதவை, ஒயரை, சிவப்பை. "இன்னா சொர்ணம், ஒளிச்சி வெய்யுன்னு சொன்னேன்ல" என்று பாதி வாயில் ஆரம்பித்து விழுங்கிவிட்டு, பிளக்கைப் பிடுங்கப் போனான்.

"இரு, லோகநாதா" என்றேன். "ஏன் அவசரம்? அவங்களுக்கு முடி காயட்டும்."

"சர்க்கார் உத்தரவு சார். எடுத்துக் குடுத்துடறேன்."

"கொடுக்கலாம். அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லு. இது எரியுமா, எரியாதா?"

"இன்னா சார் கேள்வி இது?"

"ஊரெல்லாம் எரிஞ்சது. நீ செஞ்சதுதான். இது அரை மணிக்கு மேலே எரிஞ்சுகிட்டிருக்கு. உன் பொண்டாட்டி அதுல முடியை விரிச்சுகிட்டு உட்கார்ந்திருக்காங்க. நீ உள்ளே வந்ததும் அவங்களை எழுந்திருன்னு சொல்லலை. பிளக்கைத்தான் பார்த்தே. எரியும்னா அவங்களை எழுப்பு. எரியாதுன்னா ஏன் எரியாதுன்னு இவர்கிட்ட சொல்லு."

அவன் பிளக்கை நோக்கி நீட்டிய கையை இறக்கினான். ஜானகிராமன் இப்போது முழுக்கத் திரும்பிவிட்டார். வேம்புலி தமுக்கைத் தரையில் இறக்கி வைத்தான்.

சொர்ணம் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. பாதி ஈரம்.

"இன்னாங்க, அவரு கேக்கறாரு. பதில் சொல்லுங்களேன்."

"நீ உள்ள போ."

"வாராவாரம் நான் இதுலதான குந்தறேன். எரியுமான்னு கேக்கறேன்."

அவன் அவளைப் பார்த்தான். எரியும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்போதைக்கு எங்களிடமிருந்து தப்பித்திருப்பான். அவளிடம் சொல்ல முடியவில்லை.

"எரியாது சொர்ணம்" என்றான். "உன்னுது எரியாது."

"அப்ப மத்தவங்கள்து?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஜானகிராமன் பிளக்கைத் தானே பிடுங்கினார். சற்று ஆறியதும் துணியால் பிடித்து, கூடத்திலேயே வைத்துத் திருகுகளைக் கழற்றினார். மண் தட்டுக்குக் கீழே சாம்பல் வெள்ளையில் கனமான தகடு. ஒரு மூலைகூடக் கருகவில்லை. மற்ற ஹீட்டர்களைவிடக் கனமாக இருக்கிறது என்று துணியோடு தூக்கிப் பார்த்த வேம்புலி சொன்னான். ஏலத்தில் ஒரே ஒரு நல்ல தகடு கிடைத்ததாம். அதை வீட்டுக்கு வைத்துக்கொண்டானாம். அட்டையை அட்டை என்று தெரிந்துதான் சுண்ணாம்பு அடித்தானாம். லோகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். யாரும் அவனை மிரட்டவில்லை.

கைப்பற்றியதற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். வேம்புலி ரேகை வைத்தான். சொர்ணத்துக்கு எழுதத் தெரியும். பேனாவை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்கதான அந்தப் பொண்ணோட ஊட்டுக்காரரு?"

"ஆமா."

"நான் உள்ள குந்திகினு இருந்தப்ப இன்னாத்துக்குப் பாத்துகினே இருந்தீங்க?"

"எரியுதான்னு பார்த்தேன்."

ஜானகிராமன் என் பெயரைச் சொல்லி ஏதோ ஆரம்பித்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை.

"எரிஞ்சிருந்தா?"

"பக்கத்து வீட்டிலிருந்து யாராவது ஓடி வந்திருப்பாங்க" என்றேன். "எங்க வீட்டுக்கு வந்தாங்க."

அவள் ஈர முடியை அப்படியே சுருட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டு, குனிந்து கையெழுத்துப் போட்டாள். புருஷனைத் தாண்டி உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. லோகநாதனுக்கும் கேட்டது. அப்போதுதான் அவன் அழுதான். இலாகாவில் விட்ட கண்ணீர் இப்படி இருக்கவில்லை.

மாசியில் தீர்ப்பு வந்தது. தெரிந்தே என்ற வார்த்தை அதில் இருந்தது. அவனுக்கு ஜெயில் கிடைத்தது. தாட்சாயிணி விஷயத்தில் கவனக்குறைவு என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அடித்தார்கள். அடித்ததைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தேன். சொர்ணம் அண்ணன் வீட்டோடு ஐயப்பன்தாங்கலுக்குப் போய்விட்டாள், அவனை ஜெயிலில் போய்ப் பார்க்கவில்லை என்று கேள்வி. அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஜானகிராமன் என்னோடு பேசாமல் முன்னால் நடந்தார். கோணிப்பையை வேம்புலி கேட்டான். நான் கொடுக்கவில்லை. அதில் போட்டிருந்த அந்த ஹீட்டர் இன்னும் முழுக்க ஆறவில்லை. நடக்க நடக்க, கோணி வழியாகத் தொடையில் பட்டுக்கொண்டே வந்தது. சுட்டது. தோளை மாற்றிக்கொள்ளாமல் ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டு போனேன்.